மூடி வைத்த பட்டன்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். லென்ஸ், வெளிச்சம், ஆல்பம் டிசைன் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனில் பார்த்தே பாதியைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பட்டனைப் பற்றிச் சொல்கிறேன். கேமராவின் முன்பக்கத்தில், லென்ஸை ஒட்டி, சுண்டைக்காய் அளவுகூட இல்லாத ஒரு பட்டன். அதற்காக முதலாளியோடு சண்டை போட்டேன், கேமரா கம்பெனிக்காரர்களோடு சண்டை போட்டேன், ஒரு முகூர்த்த சீசன் முழுக்க மேடை ஏறாமல் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். எதற்கும் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் செல்வி. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாடி ஸ்டூடியோவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, சர்ச் கல்யாணம், எல்லாமே. ஆரம்பத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தால், "போட்டோகிராபர் எங்கம்மா, நீ லைட் பிடிக்கிற பொண்ணா?" என்பார்கள். "நான்தான்" என்று சொல்லிவிட்டு நேராக மேடைக்குப் போய்விடுவேன். நின்று விளக்கம் சொன்னால் மாலை மாற்றுவது போய்விடும்.

எங்களிடம் இருந்த பழைய கேமராவில் எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று நாமே சொல்லிவைத்துக்கொள்ளலாம். லென்ஸை ஒட்டியிருந்த பட்டனில் என் வலதுகை மோதிர விரல் தானாகப் போய் உட்காரும். அதற்கு நான் கொடுத்திருந்த வேலை, ஃப்ளாஷை அடக்குவது. அழுத்திக்கொண்டு எடுத்தால் ஃப்ளாஷ் அடிக்காது. விரலை எடுத்தால் பழையபடி அடிக்கும். கண்ணை எடுக்க வேண்டாம், கையைத் தூக்க வேண்டாம். தொட்டிலில் குழந்தை தூங்கும்போது, மணப்பெண்ணின் முகத்தில் விளக்கு வெளிச்சம் விழும்போது, கண் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த விரல் என்னைக் கேட்காமலே வேலை செய்யும்.

ஒருநாள் மத்தியானம் அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். பீர்க்கன்கரணைக்காரர்கள். மகள் பெயர் சங்கீதா. முப்பது வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் ஸ்டூடியோவில்தான் புக் செய்திருந்தார்கள்.

"எனக்கு வலிப்பு இருக்கு அக்கா" என்று உட்காருவதற்கு முன்பே சொன்னாள். "மாத்திரை சாப்பிடறேன். ரொம்ப நாளா வரல. ஆனா பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சா வந்துடும். காலேஜ் ஃபங்ஷன்ல ஒரு தடவை அப்படித்தான் விழுந்துட்டேன்."

அம்மா குறுக்கே பேசினார். "அதுக்குத்தாம்மா சொல்றேன், நாத்தனார் முடிச்சை என் அக்கா பொண்ணு போடட்டும்னு. இவ கீழ உக்காந்து பாக்கட்டும். சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"என் தம்பி கல்யாணம்மா. நான் உயிரோட இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தி போடணும்?"

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவாள். கெட்டிமேளம் காதைப் பிளக்கும் அந்த நேரத்தில்தான் நாம் விரலை எடுக்காமல் அடித்துத் தள்ளுவோம். சங்கீதா நிற்க விரும்பிய இடம், சரியாக அந்த மின்னலுக்கு நடுவில்.

"முழுக் கல்யாணத்தையும் ஃப்ளாஷ் இல்லாம எடுக்கச் சொல்லல. பொண்ணு வீட்ல போட்டோ பளிச்சுன்னு வேணும்னு கேக்கறாங்க. நான் முன்னாடி இருக்கும்போது மட்டும் அடிக்காம இருக்க முடியுமா அக்கா?"

அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவை இரண்டு படம் எடுத்தேன். விரல் வைக்காமல் ஒன்று, வைத்து ஒன்று. பிறகு அவளைக் கூப்பிட்டுப் பட்டனைக் காட்டினேன். "இதுல விரல் இருக்கற வரைக்கும் ஃப்ளாஷ் தூங்கும்."

"விரல் வழுக்கிடுச்சுன்னா?" என்று அம்மா கேட்டார்.

"இத்தனை வருஷமா வழுக்கலம்மா."

சங்கீதா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ முடிச்சு நான்தான் போடறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்துவிட்டது என்று அவள் குரலிலேயே தெரிந்தது. நானும் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முதலாளி பழைய கேமராக்களை எல்லாம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது மாடலை வாங்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒன்று. அதைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. ஓடுகிற குழந்தையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். அரை இருட்டிலும் கலர் கெடாது. எடையும் குறைவு. என் தோள்பட்டை அதற்கு நன்றி சொல்லியிருக்கும்.

ஆனால் அதே இடத்தில் இருந்த அதே முன்பக்கப் பட்டனுக்கு வேலை கொடுக்க மெனுவைத் திறந்தால், நாலைந்து வேலைகள்தான் வரிசையில் நின்றன. ஃப்ளாஷை அடக்குவது அதில் இல்லை. பின்பக்கப் பட்டன்களைப் பார்த்தேன். ஒன்று வீடியோவைத் தவிர எதற்கும் வரமாட்டேன் என்றது. இன்னொன்று படத்தை அழிக்க மட்டும்தான். ஒரு பகல் முழுக்க மெனுவுக்குள் போய்ப் போய் வந்தேன். எங்கள் வீடியோக்காரர் ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னாக்கா, காலைலேந்து அத்தையே நோண்டிக்கினு கீறே?"

"என் பட்டனைக் காணோம் ஸ்டீபன்."

"பட்டன் தோ கீதே."

"பட்டன் இருக்கு. வேலையைக் காணோம்."

மறுநாள் கம்பெனியிலிருந்து புது மாடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க தினேஷ் என்று ஒரு இளைஞர் வந்தார். நல்ல பையன். அந்தக் கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் போலப் பத்து மடங்கு அவருக்குத் தெரியும். நான் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஃப்ளாஷ் ஆஃப் இந்த மாடல்ல கிடையாது மேடம். இதுக்கு மேல இருக்கற மாடல்ல குடுத்திருக்காங்க."

"அதுல பட்டன் வேற மாதிரியா?"

"இல்ல மேடம். அதே பட்டன்தான்."

"அப்புறம் ஏன் இதுல வராது?"

கொஞ்சம் தயங்கினார். "சாஃப்ட்வேர்ல மூடி வச்சிருக்காங்க. மாடலுக்கு மாடல் வித்தியாசம் காட்டணும் இல்லையா. நானே ரெண்டு தடவை மீட்டிங்ல சொல்லிட்டேன் மேடம். என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமானது. முடியாத காரியம் என்றால் மனசு ஆறிவிடும். முடிகிற காரியத்தை, வீட்டை விற்றுவிட்டு ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டுக்கு முன்னால் ஒரு கணக்கு டீச்சர் நிற்கப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் காதில் வாங்கிக்கொண்டு, வேறு ஒன்று சொன்னார். இனிமேல் எல்லாக் கேமராவும் ஒரே செட்டிங்கில்தான் இருக்க வேண்டும், யாரும் எதையும் மாற்றக் கூடாது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. முன்பு ஒரு ரிசப்ஷனில், கூட வேலை பார்த்த அன்வர் அவசரத்துக்கு என் கேமராவை எடுத்துப் போய், விரல் தெரியாமல் அந்தப் பட்டனில் படிந்து, குடும்பப் படங்கள் மங்கிப் போயின.

"யார் கேமராவை யார் எடுத்தாலும் ஓடணும் செல்வி. பஸ் டிரைவர் மாதிரி. எந்த பஸ்ஸைக் குடுத்தாலும் ஓட்டறான் இல்ல?"

"பஸ்லகூட சீட்டை முன்ன பின்ன தள்ளிக்க விடறாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பொண்ணு வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடு. பெரியம்மா பொண்ணு போடட்டும். அவங்க அம்மாவே அதைத்தானே சொன்னாங்க?"

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"எடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

பழைய மாடல் வாடகைக்குக் கிடைக்குமா என்று சேலையூர் வரை போய்க் கேட்டுப் பார்த்தேன். வேறு கம்பெனிக் கேமராதான் இருந்தது. எங்கள் லென்ஸ் அதில் பொருந்தாது. சரி, புதியதையே எடுத்துக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். ஃப்ளாஷின் முதுகில் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. சங்கீதா முன்னால் வந்தால் கையைத் தூக்கி அணைக்க வேண்டும், போனால் மறுபடி போட வேண்டும். அது விழித்து எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கல்யாணங்களில் என்னவெல்லாம் நடந்து முடிந்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிச்சூர் ரோட்டில் மண்டபம். நான் போவதற்குள் ஸ்டீபன் மேடைக்கு வந்திருந்தார். "பின்னால அந்த சீரியல் லைட்டு மின்னிக்கினே இருந்துச்சிக்கா. டெகரேசன்காரன்ட்ட சொல்லி நிப்பாட்டிட்டேன். என் லைட்டு நின்னு எரியற லைட்டுதான், அத்தப் பத்தி நீ கவலப்படாத." போனில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா மைக்கில் இரண்டு முறை சொன்னார். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது என் விரல் ஒன்றுதான்.

அன்று காலை நான் பட்ட பாடு. சங்கீதா ஓரிடத்தில் நிற்கிற பெண் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வருவாள், அட்சதை கொண்டு போவாள், மணப்பெண்ணின் புடவை மடிப்பைச் சரிசெய்வாள். ஒவ்வொரு முறையும் நான் கண்ணை எடுத்து, கையைத் தூக்கி, சுவிட்சைத் தேட வேண்டும். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைக் கழுவும்போது சட்டென்று அவர் முகம் கலங்கியது. ஃப்ளாஷ் தூங்கிக்கொண்டிருந்தது. போட்டேன். அது எழுந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்து முடித்துவிட்டார். அந்தப் படம் யாரிடமும் இல்லை.

முகூர்த்த நேரம் நெருங்கியதும் ஃப்ளாஷை அணைத்துவிட்டேன். இனி முடிச்சு விழும்வரை போடுவதில்லை. ஸ்டீபனின் விளக்கு வெளிச்சம் போதும், குறைந்த வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினான். சங்கீதா மணப்பெண்ணுக்குப் பின்னால் வந்து நின்றாள். நாலைந்து படம் எடுத்திருப்பேன்.

அப்போது பெண்ணின் அப்பா மேடை ஓரத்தில் நின்றிருந்த எங்கள் முதலாளியின் தோளைத் தட்டினார். பெண்ணின் அப்பா மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட் கட்டி விற்கிறவர். அவர் கைகாட்டினால் இன்னும் பல கல்யாணங்கள் வரும் என்று முதலாளி நம்பியிருந்தார். அன்று நேரில் வந்ததே அதற்காகத்தான்.

"என்னங்க, வெளிச்சமே வரல. உங்க போட்டோகிராபர் அம்மா எடுக்கறாங்களா இல்லையா?"

மேளச் சத்தத்தையும் மீறி அது என் காதில் விழுந்தது. முதலாளி இரண்டே எட்டில் என்னிடம் வந்தார். "ஃப்ளாஷைப் போடு செல்வி."

"அந்தப் பொண்ணு நிக்குது சார்."

"ஒரு ஃப்ளாஷ்ல ஒண்ணும் ஆயிடாது. போடு."

சொல்லிக்கொண்டே என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, சுவிட்சை அவரே போட்டுவிட்டார்.

பழைய கேமராவாக இருந்திருந்தால் போடட்டும் என்று விட்டிருப்பேன். மோதிர விரல் அதன் வேலையைச் செய்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இப்போது ஃப்ளாஷ் எழுந்துகொண்டிருக்கிறது. கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை குனிகிறான். சங்கீதா கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். பயந்த பார்வை இல்லை. என்னை நம்பி நிற்கிறாள், அவ்வளவுதான்.

மறுபடி அணைத்தால் அவர் மறுபடி போடுவார். நின்று வாதாட நேரமில்லை. ஃப்ளாஷின் அடியில் இருந்த பிடியைத் தளர்த்தி, கேமராவிலிருந்து உருவி, முதலாளியின் கையில் வைத்தேன். "இதை வச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன்.

முதல் முடிச்சு எடுத்தேன். சங்கீதாவின் விரல்கள் மஞ்சள் கயிற்றைப் பிடித்ததை எடுத்தேன். இரண்டாவது முடிச்சு. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, கரும்பலகையில் கஷ்டமான கணக்கு ஒன்றைப் போடுகிற முகத்தோடு மூன்றாவதை இறுக்கினாள். அட்சதை எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கூட்ட நெரிசலில் அவள் கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் வைத்திருந்தது அந்தப் புதுக் கேமராதான். நன்றாகச் செய்கிறதை நன்றாகச் செய்கிறது என்று சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை. அது செய்ய விடாததைத்தான் நான் பேசுகிறேன்.

நிமிர்ந்தபோது முதலாளி ஃப்ளாஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பட்டு வேட்டி சட்டையோடு மேடை நடுவில் நின்றிருந்தார். ஸ்டீபனின் வீடியோவில் அது இப்போதும் இருக்கிறது.

சங்கீதா கீழே இறங்கியதும் என்னிடம் வந்தாள். வியர்த்திருந்தது, வேறொன்றும் இல்லை. "அக்கா, மூணாவது முடிச்சு சரியா விழுந்துதான்னு படத்துல பாருங்க."

பெரிதாக்கிக் காட்டினேன். சரியாகத்தான் விழுந்திருந்தது.

படங்கள் கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தன. மாப்பிள்ளை வீட்டில் அதையே பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டினார்கள். பெண்ணின் அப்பா மங்கலாக இருக்கிறது என்று முகம் சுளித்தார். அவர் மூலம் எந்தக் கல்யாணமும் வரவில்லை. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை பேர் முன்னாடி என் கையில குடுத்த?"

"உங்க கைதான் சார் பக்கத்துல இருந்துச்சு."

"நான் சொன்னதைக் கேக்காத ஆளை மேடைக்கு எப்படி அனுப்பறது?"

"நீங்க அந்த சுவிட்சைப் போடாம இருந்திருந்தா நான் கழட்டியிருக்க மாட்டேன். என் பட்டன் இருந்திருந்தா நீங்க போட்டாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்தப் பொண்ணு மேடையில விழுந்திருந்தா இன்னிக்கு நீங்க என்ன பேசிக்கிட்டு இருப்பீங்க சார்?"

அடுத்த வாரத்திலிருந்து என் இடம் ஸ்டூடியோவின் உள்ளறை. நீலத்திரை, ஒரு ஸ்டூல், பாஸ்போர்ட் போட்டோ.

அவமானப்படுத்தத்தான் உட்கார வைத்தார். நான் அவமானப்பட மறுத்துவிட்டேன். பாஸ்போர்ட் போட்டோவை மட்டமாகப் பேசாதீர்கள். ஒருவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்கிற வேலை அது. கோவளம் பக்கத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் ஏதோ அட்டைக்காகப் படம் எடுக்க வந்தார். கொஞ்சம் சிரித்த மாதிரி முகத்தை வைக்கச் சொன்னேன். "இன்னாத்துக்கு? என் மூஞ்சி இப்டிதான் கீது. இப்டியே எடு" என்றார். அப்படியே எடுத்தேன். அந்த சீசனில் நான் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இதற்கிடையில் மேடைக்குப் போன மற்றவர்களும் முனகத் தொடங்கினார்கள். அன்வருக்கு இடது கண்ணால் பார்க்கிற பழக்கம். முதலாளி போட்டு வைத்த செட்டிங்கில், வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் அவர் மூக்கு பின்பக்கத் தொடுதிரையில் பட்டு ஃபோகஸ் எங்கோ ஓடியது. அதை நிறுத்தி வைக்க வழியிருந்தது, ஆனால் மாற்றக் கூடாது என்று உத்தரவு. இன்னொருவருக்குக் கட்டைவிரலில் பழைய அடி, பின்பட்டன் எட்டவில்லை. ஆளாளுக்கு ஒரு கை, ஆளாளுக்கு ஒரு கண். கேமரா மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

ஒரு காலை, ரோட்டோர டீக்கடையில் நின்று பேசினோம். "உனக்கு நடந்தது எங்களுக்கு நடக்காதா அக்கா? ஆளை மாத்தறது ஈசியா இருக்கணும்னுதான் எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கறாரு" என்றார் அன்வர். எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது. பட்டன் என் விரலுக்காக இருக்கும்வரை அந்தக் கேமராவுக்கு நான் வேண்டும். பட்டன் யாருக்கும் இல்லை என்றால் யார் வந்தாலும் போதும்.

டீயைக் குடித்துவிட்டு நேராக மாடியேறினோம். எல்லோரும் கேமராவை முதலாளியின் மேஜைமேல் வைத்தோம். பேசச் சொல்லி என்னைப் பார்த்தார்கள்.

"அவங்கவங்க கைக்கு ஏத்த மாதிரி மாத்திக்க விடுங்க சார். வேற ஒருத்தர் எடுத்தா எல்லாத்தையும் பழையபடி ஆக்கிக்க ஒரு பட்டன் போதும், மெனுவிலயே இருக்கு. அன்னிக்கு அன்வருக்கு ஆன மாதிரி ஆகாது. இனிமே வாங்கற கேமராவுல என்ன திறக்குது, என்ன திறக்கலன்னு எங்களைக் கேட்டுட்டு வாங்குங்க."

"மாட்டேன்னா?"

"அப்போ இதுல நீங்களே எடுத்துக்கங்க சார். நாங்க கீழ இருக்கோம்."

கீழே இறங்கிவிட்டோம். மறுநாள் அடுத்த சீசனின் முதல் முகூர்த்தம். எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கோபக்காரர், ஆனால் முட்டாள் இல்லை. கொஞ்ச நேரத்தில் படியில் வந்து நின்று, "வாங்க மேல" என்றார். அன்வர் முதலில் தன் கேமராவைத் தன் கண்ணுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்துக்கு நான் மேடைக்குத் திரும்பினேன்.

என் பட்டன் மட்டும் அப்போதும் மூடித்தான் இருந்தது. அதைத் திறப்பது முதலாளி கையில் இல்லையே. கூடுவாஞ்சேரியில் தொழிலை விடுகிற ஒருவரிடமிருந்து அந்தப் பழைய மாடலை எனக்கென்று வாங்கிக்கொண்டேன். வேலையை விடும்வரை மேடையில் அதுதான் என் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருமுறை கம்பெனிக்காரர்கள் போட்டோகிராபர்களை ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் கூப்பிட்டு இன்னொரு புது மாடலைக் காட்டினார்கள். கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். முன்வரிசையில் நிறையக் கைகள் உயர்ந்தன. மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிய தினேஷ், அவர்களையெல்லாம் தாண்டி நேராகப் பின்வரிசைக்கு என்னிடம் வந்தார். மைக்கை என் கையில் கொடுத்தார்.

"முன்பக்கப் பட்டனை ஏன் மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

மேடையிலிருந்த அதிகாரி பணிவாகத்தான் பேசினார். "பிகினர்ஸ் குழம்பிடக் கூடாதுன்னு சில விஷயங்களை சிம்பிளா வச்சிருக்கோம் மேடம். உங்க கருத்தை நோட் பண்ணிக்கறோம்."

"பிகினர்ஸுக்குக் குழப்பமா இருந்தா அவங்க தொட மாட்டாங்க. எனக்குத் தேவைன்னா நான் தொடுவேன். ரெண்டு பேருக்கும் சேத்து நீங்க ஏன் பூட்டறீங்க? அதே பட்டன் மேல் மாடல்ல வேலை செய்யுது. அதுக்குப் பதில் சொல்லுங்க."

"நோட் பண்ணிட்டோம் மேடம்."

"பதில் வரல சார்."

நான் மைக்கைத் திருப்பித் தரவில்லை. அவர் வேறு யாரையோ பார்க்கத் தொடங்கினார். ஹாலில் யாரோ கை தட்டினார்கள், பிறகு இன்னும் சிலர். பதில் அன்று வரவில்லை. நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன், கூட்டம் கலையும்வரை.

வெகுநாள் கழித்து தினேஷ் போன் செய்தார். "மேடம், அப்டேட் வந்திருக்கு. அந்தப் பட்டன்ல புதுசா சில ஆப்ஷன் சேர்த்திருக்காங்க."

"அது இருக்கா?"

"இல்ல மேடம்."

"சரி. நீங்க உள்ள கேளுங்க. நான் வெளிய கேக்கறேன்."

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் வருகிற கருவிகள் இனி இப்படித்தான் வரும். எல்லாம் தெரிந்த மாதிரி வரும், ஏதோ ஒன்றை மூடிக்கொண்டு வரும். டப்பாவைத் திறந்த அன்றே ஒவ்வொரு பட்டனையும் திறந்து பாருங்கள். மூடியிருப்பது எது என்பதை வேலைக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். யார் மூடினார்கள், எதற்காக என்று கேளுங்கள். பதில் வராது. வராவிட்டாலும் கேளுங்கள். மேடையில் நிற்கும்போது யாருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, குறுக்கே நிற்பதைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கேமரா கடைக்காரர் ஒருவர் புத்தம் புது மாடலோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். முதலாளி டப்பாவைத் தள்ளி என் முன்னால் வைத்தார். "பாத்து சொல்லு" என்றார்.

நான் மெனுவைத் திறந்து பார்த்தேன். அன்வரும் பார்த்தார். இருவரும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திருப்பித் தந்தோம்.

"ஒரு பட்டனுக்காகவா சார்?" என்றார் கடைக்காரர். "தாம்பரத்துல எல்லா ஸ்டூடியோவும் இதைத்தான் எடுத்திருக்கு. முதல்ல கொஞ்சம் முணுமுணுத்தாங்க. இப்போ எல்லாருக்கும் பழகிடுச்சு."

முதலாளி டப்பாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"எங்க ஆளுங்களுக்குப் பழகாது" என்றார்.